வேலி தாண்டிய வீராங்கனை

1930-ம் ஆண்டு, பிப்ரவரி மாதம். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலம், ஹூஸ்டன் நகரம். அங்கே ஒரு கூடைப்பந்து ஆட்டம் நடந்து கொண்டிருந்தது. ஆடியவர்கள் பள்ளிக்கூடத்து மாணவிகள்.

வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு நடுவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆடுகிற பெண்களில் யாருக்கும் அவர் தகப்பனார் அல்ல, ஆசிரியரும் அல்ல. அவர் பெயர் மெக்கோம்ப்ஸ். கர்னல் என்று எல்லாரும் அழைப்பார்கள். டல்லாஸ் நகரில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அவருக்கு உத்தியோகம். அந்தக் கம்பெனி ஒரு பெண்கள் கூடைப்பந்து அணியை வைத்திருந்தது. அணிக்கு ஆள் தேடித்தான் கர்னல் வந்திருந்தார்.

நம் ஊரில் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவார்கள். கர்னலும் ஒரு வகையில் பெண் பார்க்கத்தான் வந்தார். ஆனால் அவர் நகையையும் நிறத்தையும் பார்க்கவில்லை. காலில் வேகம் இருக்கிறதா, கையில் குறி இருக்கிறதா என்று பார்த்தார்.

கூடைப்பந்தில் கூடை இருப்பது 10 அடி உயரத்தில். நெட்டைப் பெண்ணுக்குக் கூடை பக்கம். குட்டைப் பெண்ணுக்குத் தூரம். ஆகவே, ஆள் தேடுகிறவர்களின் கண் முதலில் நெட்டையானவர்கள் மீதுதான் போகும். அன்று கர்னலின் கண் போனது அப்படி அல்ல. போமான்ட் என்ற ஊரில் இருந்து வந்த அணியில் ஒல்லியான பெண் ஒருத்தி இருந்தாள். தன்னைவிடப் பெரிய பெண்களின் நடுவே அவள் புகுந்து புகுந்து ஓடினாள். கூடைக்கு மேல் கூடையாகப் போட்டாள்.

ஆட்டம் முடிந்ததும் கர்னல் அவளிடம் போனார். பெரிய அணி ஒன்றில் ஆட விருப்பமா என்று கேட்டார்.

அவள் பெயர் மில்ட்ரெட் டிட்ரிக்ஸன். ஊரில் எல்லாரும் பேப் என்று கூப்பிடுவார்கள். குழந்தை என்று அர்த்தம். இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய விளையாட்டு வீராங்கனை என்று பின்னால் உலகமே பேசப் போகும் பெண் அவள்.

கப்பல் தச்சரின் மகள்

பேப் 1911-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி போர்ட் ஆர்தர் என்ற துறைமுக ஊரில் பிறந்தாள். (தன் வயதைக் குறைத்துச் சொல்லும் வழக்கம் அவளுக்கு உண்டு. அதனால் பழைய புத்தகங்களில் வேறு வருடங்களும் காணப்படும்.) தாயும் தகப்பனும் நார்வே நாட்டில் இருந்து பிழைக்க வந்தவர்கள். தகப்பனார் ஒலி, கப்பலில் தச்சு வேலை செய்தவர். ஏழு குழந்தைகளில் பேப் ஆறாவது.

1915-ல் அந்தப் பகுதியில் பெரும் புயல் அடித்தது. அதன் பிறகு குடும்பம் பக்கத்தில் உள்ள போமான்ட் ஊருக்குக் குடிபெயர்ந்தது. வருமானம் குறைவு, சாப்பிடும் வாய்கள் அதிகம். ஆனாலும் ஒலி தன் பிள்ளைகளுக்கு ஒரு சொத்து வைத்தார். வீட்டுக் கொல்லையில், தானே மரத்தை இழைத்து, தொங்கி ஆடும் கம்பங்களைச் செய்து கொடுத்தார். துடைப்பக் கட்டையின் முனைகளில் பழைய இஸ்திரிப் பெட்டிகளைக் கட்டி, பளு தூக்கவும் வழி செய்தார். பையன்களுக்காகத்தான் செய்தார். அதிகமாகப் பயன்படுத்தியவள் பேப்!

அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு செடி வேலி உண்டு. பேப் தெருவில் நடக்க மாட்டாள். வேலி வேலியாகத் தாண்டிக்கொண்டுதான் கடைக்குப் போவாள். அக்காள் லில்லி தெருவோடு ஓடி வருவாள். தங்கை பக்கத்தில் வேலி தாண்டி ஓடுவாள். ஒரு வீட்டின் வேலி மட்டும் மற்றவற்றைவிட உயரமாக இருந்தது. பேப் அந்த வீட்டுக்காரரிடம் போய், வேலியைக் கொஞ்சம் வெட்டி விடும்படி கேட்டாள். அந்த நல்ல மனிதரும் வெட்டி விட்டார்.

வேலிகள் தடிமனானவை. முள் கீறாமல் தாண்ட வேண்டுமானால் இடது முழங்காலை நன்றாக மடக்கிக் கொள்ள வேண்டும். இந்தப் பழக்கம் அவளுக்குக் கடைசி வரை போகவில்லை. பின்னால் ஒலிம்பிக்கில் தடை தாண்டி ஓடியபோதும் அவள் காலை அப்படித்தான் மடக்கினாள்.

விளையாடிக்கொண்டே இருக்க வீட்டு நிலைமை இடம் கொடுக்கவில்லை. அத்திப்பழம் பக்குவம் செய்யும் தொழிற்சாலையில் கொஞ்ச நாள் வேலை செய்தாள். பிறகு சாக்குத் தைக்கும் வேலை. ஒரு சாக்குக்கு ஒரு சென்ட் கூலி. அதில் தனக்கென்று சில்லறை எடுத்துக்கொண்டு மீதியைத் தாயாரிடம் கொடுத்து விடுவாள்.

தையலிலும் அவள் கெட்டிக்காரி. அவள் தைத்த உடை கண்காட்சியில் பரிசு வாங்கியிருக்கிறது. மவுத் ஆர்கன் நன்றாக வாசிப்பாள். ஆண்பிள்ளை போலத் திரிகிறாள் என்று பேசியவர்களுக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை.

குட்டை என்றார்கள்

போமான்ட் உயர்நிலைப் பள்ளியில் பேப் சேர்ந்தாள். பெண்கள் கூடைப்பந்து அணியில் இடம் கேட்டாள். குட்டையாக இருக்கிறாய், போ என்று சொல்லி விட்டார்கள்.

அவள் அழவில்லை. நேராக ஆண்கள் அணியின் பயிற்சியாளரிடம் போனாள். பந்தை எப்படிப் பிடிப்பது, எப்படி எறிவது என்று அவரிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டாள். பிறகு அணியில் சேர்த்துக் கொண்டார்கள். சேர்ந்த பிறகு அவள்தான் அணிக்குக் கூடை போடும் இயந்திரம். ஊர்ப் பத்திரிகை அவள் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டது.

அவளை ஒதுக்கியவர்களை அடியோடு குறை சொல்லவும் முடியாது. அணிக்கு இடம் கொஞ்சம். வந்து நிற்கும் பெண்களோ அதிகம். உயரத்தை ஒரு நொடியில் கண்ணால் அளந்து விடலாம். ஒரு பெண் விழுந்தால் எவ்வளவு சீக்கிரம் எழுந்திருப்பாள் என்பதை அளக்கப் பல நாள் பிடிக்கும். அந்தப் பல நாள் யாருக்கு இருக்கிறது?

கூடைப்பந்து பிறந்ததே 1891-ல், அமெரிக்காவில்தான். மறு ஆண்டே ஸ்மித் கல்லூரி ஆசிரியை ஸெண்டா பெரன்ஸன், பெண்கள் ஆடுவதற்குத் தனி விதிகள் வகுத்தார். மைதானத்தை மூன்றாகப் பிரித்தார். ஒரு பகுதியில் இருப்பவள் மறு பகுதிக்குள் போகக் கூடாது. பந்தைப் பிடுங்கக் கூடாது. பெண்களுக்கு மூச்சு இரைக்கக் கூடாது என்பது அந்தக் காலத்துக் கவலை! கவலை அதோடு நிற்கவில்லை. 1923-ல் லூ ஹென்றி ஹூவர் அம்மையார் தலைமையில் கல்வியாளர்கள் பலர் கூடினார்கள். பெண்களை வெளியூர் அழைத்துப் போய் ஆட விடக் கூடாது, டிக்கெட் போட்டு ஆட்டம் காட்டக் கூடாது, சாம்பியன் பட்டம் வேண்டாம் என்றார்கள். சில ஆண்டுகளுக்குப் பிறகு இந்த அம்மையாரின் கணவர் அமெரிக்க ஜனாதிபதியானார்.

அவர்கள் சொன்னதில் நியாயமும் இருந்தது. கம்பெனிகள் பெண்களை விளம்பரப் பலகை ஆக்கி விடும் என்று பயந்தார்கள். அந்தப் பயம் வீண் பயம் அல்ல என்பதை அடுத்துப் பார்க்கலாம்.

ஆபீசில் மேஜை, மைதானத்தில் வேலை

கர்னல் மெக்கோம்ப்ஸ் சொன்ன வேலை இதுதான்: இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஸ்டெனோகிராபர் உத்தியோகம். மாதம் 75 டாலர் சம்பளம். ஓய்வு நேரத்தில் கம்பெனி அணிக்கு ஆட வேண்டும்.

ஏன் இந்தச் சுற்று வழி? அமெரிக்க அமெச்சூர் சங்கத்தின் விதிப்படி, ஆடுவதற்குக் கூலி வாங்கக் கூடாது. வாங்கினால் தொழில் ஆட்டக்காரி என்று முத்திரை குத்தி, போட்டியில் சேர்க்க மாட்டார்கள். டைப் அடிக்கச் சம்பளம் வாங்கலாம்! ஆகவே தென் மாநிலங்களில் பல கம்பெனிகள் பள்ளிக்கூடங்களுக்கு ஆள் அனுப்பி, நன்றாக ஆடும் மாணவிகளைப் பொறுக்கி எடுத்தன. காகிதத்தில் அவர்கள் குமாஸ்தாக்கள். கம்பெனிக்கு விளம்பரம். வீட்டுக்குச் சம்பளம்.

ஏழைக் குடும்பத்தில் 75 டாலர் சின்னத் தொகை அல்ல. அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைகாட்டிய நேரம் வேறு. பேப் படிப்பை இடையில் நிறுத்தி வைக்கப் பள்ளிக்கூடம் அனுமதி கொடுத்தது. தகப்பனார் தாமே மகளை ரெயிலில் டல்லாசுக்கு அழைத்துப் போனார். 250 மைலுக்கு மேல் பிரயாணம். அவ்வளவு தூரம் அதுவரை அவள் போனதே இல்லை.

போய் இறங்கிய அன்று இரவே ஆட்டம்! எதிரணி லேசுப்பட்டது அல்ல. தேசிய சாம்பியனான ஸன் ஆயில் கம்பெனி அணி. புதுப் பெண் என்ன செய்து விடுவாள் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். அன்றைய ஆட்டத்திலேயே அவள் யார் என்று தெரிந்து விட்டது.

அணியின் பெயர் கோல்டன் சைக்ளோன்ஸ், அதாவது பொற்சூறாவளிகள். 1930-ல் தேசியப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை வந்து, அதே ஸன் ஆயில் அணியிடம் தோற்றார்கள். 1931-ல் தேசிய சாம்பியன் ஆனார்கள். நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரிகள் என்று தேர்ந்தெடுக்கப்படும் பட்டியலில் 1930, 1931, 1932 ஆகிய மூன்று ஆண்டுகளும் பேப் இடம் பெற்றாள்.

கர்னல் கெட்டிக்கார வியாபாரி. முழங்காலுக்குக் கீழே தொங்கும் பழைய ஆட்ட உடையை மாற்றினார். ஆரஞ்சு நிறத்தில் பளபளக்கும் அரைக்கால் உடை கொடுத்தார். கூட்டம் பெருகியது. வந்தவர்கள் எல்லாம் ஆட்டத்தைப் பார்க்கத்தான் வந்தார்களா? ஹூவர் அம்மையாரின் பயம் இதுதான். ஆனால் அந்த ஆட்டம் இல்லாவிட்டால் சாக்குத் தைத்த பெண்ணுக்கு வேறு என்ன கதி இருந்தது என்பதற்கு அம்மையாரின் கட்சியிடம் பதில் இல்லை. சம்பளத்தில் பெரும் பகுதியைப் பேப் வீட்டுக்கு அனுப்பி வந்தாள்.

கூட ஆடிய பெண்களுக்கு அவளை அவ்வளவாகப் பிடிக்காது. பந்து கிடைத்தால் பிறருக்குக் கொடுக்க மாட்டாள். தன்னைப் பற்றித் தானே பெருமை பேசுவாள். பேசியதைச் செய்தும் காட்டுவாள். அதுதான் இன்னும் எரிச்சல்!

ஒரே ஆள் கொண்ட அணி

கோடை வந்தது. கூடைப்பந்து பருவம் முடிந்து விட்டது. பெண் சும்மா இருந்தால் கெட்டு விடுவாள் என்று கர்னல் அவளை ஓட்டப் பந்தயம் பார்க்க அழைத்துப் போனார். அங்கே வரிசையாகத் தடைகள் வைத்திருந்தார்கள். அவை என்ன என்று பேப் கேட்டாள். தாண்டி ஓட வேண்டும் என்றார் கர்னல். போமான்ட் தெரு வேலிகள் அவள் ஞாபகத்துக்கு வந்தன.

ஓட்டம், தாண்டல், எறிதல் எல்லாவற்றுக்கும் கம்பெனியில் ஒரு அணி பிறந்தது. பேப் இரவு நெடுநேரம் வரை பயிற்சி செய்தாள்.

1932 ஜூலை 16. எவன்ஸ்டன் என்ற ஊரில் தேசியப் போட்டி. ஒலிம்பிக்குக்கு ஆள் எடுக்கும் தேர்வும் அதுவே. கர்னல் காகிதமும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தார். மற்ற அணிகளின் சாதனைகளைக் கணக்குப் போட்டார். இந்த ஒருத்தியே அணிப் பரிசைத் தட்டிக்கொண்டு வருவாள் என்று கணக்குச் சொன்னது. பேப்பைத் தன்னந்தனியாக ஓர் அணியாக அனுப்பினார்!

மைதானத்தில் அணிகளை அறிவித்தார்கள். ஒவ்வொரு அணியாகப் பெண்கள் கூட்டமாக ஓடி வந்தார்கள். டல்லாஸ் கம்பெனியின் பெயர் வந்தது. கையை வீசிக்கொண்டு பேப் மட்டும் ஓடி வந்தாள். கூட்டம் ஆரவாரம் செய்தது.

மொத்தம் 10 போட்டிகள். அவற்றில் 8-ல் அவள் கலந்துகொண்டாள். ஒன்றில் தாண்டுவாள், மூச்சு வாங்குவதற்குள் அடுத்ததில் எறிய ஓடுவாள். சுமார் மூன்று மணி நேரம் இப்படி. குண்டு எறிதல், ஈட்டி எறிதல், பேஸ்பால் எறிதல், நீளத் தாண்டல், தடை ஓட்டம் ஆகிய ஐந்திலும் முதலிடம். உயரத் தாண்டலில் ஜீன் ஷைலி என்ற பெண்ணுடன் சமமாக முதலிடம். தட்டு எறிதலில் நாலாவது.

அவள் எடுத்த புள்ளிகள் 30. இரண்டாவதாக வந்த இல்லினாய்ஸ் சங்கத்தின் புள்ளிகள் 22. அந்த அணியில் இருந்தவர்கள் 22 பெண்கள்!

ரெயிலில் நடந்தது

தேர்வான பெண்கள் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்கு ரெயிலில் போனார்கள். வழியெல்லாம் பேப்பின் கொட்டம் தாங்கவில்லை. தலையணையைப் பிடுங்குவாள்; மவுத் ஆர்கன் ஊதுவாள்; தூங்க விட மாட்டாள்.

அதே ரெயிலில் இரண்டு நீக்ரோப் பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி டைடி பிக்கெட்; மற்றவள் லூயிஸ் ஸ்டோக்ஸ். தொடர் ஓட்டத்துக்குத் தேர்வானவர்கள். பேப் ஐஸ் தண்ணீரைத் தன் மேல் கொட்டினாள் என்று பிக்கெட் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். லாஸ் ஏஞ்சல்சில் அந்த இருவரையும் ஓட விடவில்லை. வெள்ளைப் பெண்களையே ஓட விட்டார்கள். இருவரும் மேலே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். பேப்பைக் குட்டை என்று தள்ளியவர்கள், அவள் கூடை போட்டதும் மனம் மாறினார்கள். பிக்கெட்டுக்கு அந்த வாய்ப்பு கிடைக்க 1936-ம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் வரை காத்திருக்க நேர்ந்தது.

பெண்கள் மூன்று போட்டிகளுக்கு மேல் கலந்துகொள்ளக் கூடாது என்பது ஒலிம்பிக் விதி. பேப் ஈட்டி எறிதலில் தங்கம் வாங்கினாள். 80 மீட்டர் தடை ஓட்டத்தில் 11.7 வினாடியில் ஓடி இன்னொரு தங்கம். உயரத் தாண்டலில் அவளும் ஜீன் ஷைலியும் ஒரே உயரம் தாண்டினார்கள். ஆனால் பேப் தலையை முன்னால் விட்டுத் தாண்டியது முறையல்ல என்று நடுவர்கள் சொல்ல, அவளுக்கு வெள்ளி கிடைத்தது. ஓட்டம், எறிதல், தாண்டல் மூன்றிலும் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் பெற்றவர் அவள் ஒருத்தியே.

புகழ் வந்தது, வம்பும் வந்தது. அந்த ஆண்டின் கடைசியில் ஒரு மோட்டார் கார் விளம்பரத்தில் அவள் பெயரும் படமும் வெளிவந்தன. அமெச்சூர் சங்கம் அவளைத் தள்ளி வைத்தது. பிறகு விசாரித்துத் தடையை நீக்கினார்கள். ஆனால் பேப் போதும் என்று தொழில் ஆட்டத்தில் இறங்கி விட்டாள். மேடையில் மவுத் ஆர்கன் வாசித்தாள். ஆண்கள் நிறைந்த கூடைப்பந்து அணி ஒன்றைத் தன் பெயரில் நடத்தி, ஊர் ஊராகப் போய் ஆடினாள். பெற்றோருக்குப் பணம் அனுப்ப வேண்டியிருந்தது.

பயில்வானின் மனைவி

பிறகு கோல்ப் ஆட்டத்தில் மனம் போயிற்று. நீண்ட புல்வெளியில் சிறு பந்தைக் கோலால் அடித்துக் குழியில் தள்ளும் ஆட்டம் அது. யார் குறைந்த அடிகளில் முடிக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. பணக்காரர் வீட்டுப் பெண்கள் ஆடும் ஆட்டம். தச்சர் மகளை அவர்கள் முகம் சுளித்துப் பார்த்தார்கள். கை கொப்புளிக்கும் வரை பந்துகளை அடித்துப் பழகினாள்.

1938-ல் ஒரு கோல்ப் பந்தயத்தில் ஜார்ஜ் ஸகாரியாஸ் என்ற மல்யுத்தப் பயில்வானைச் சந்தித்தாள். அதே ஆண்டு டிசம்பரில் கல்யாணம். 1946-ல் அமெரிக்க அமெச்சூர் பட்டம். 1947-ல் பிரிட்டிஷ் பெண்கள் அமெச்சூர் பட்டம். அதை வென்ற முதல் அமெரிக்கப் பெண் அவளே. 1950-ல் 13 பெண்கள் சேர்ந்து பெண்களுக்கான தொழில்முறை கோல்ப் சங்கம் அமைத்தார்கள். அவர்களில் பேப்பும் ஒருத்தி. பெண்கள் ஆடிச் சம்பாதிக்க இனி டைப் அடிக்கும் வேஷம் போட வேண்டியதில்லை.

1953-ல் குடலில் புற்றுநோய் கண்டது. ஏப்ரல் மாதம் போமான்ட் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். வயிற்றில் துவாரம் வைத்து, கழிவு ஒரு பையில் வந்து சேரும்படி டாக்டர்கள் செய்தார்கள். இனிப் பெரிய போட்டிகள் அவளுக்கு இல்லை என்று பேச்சு அடிபட்டது. ஆஸ்பத்திரி அறையில் படுக்கைக்குப் பக்கத்தில் கோல்ப் கோல்கள் இருந்தன. அவள் கண்ணில் படட்டும் என்றே வைத்திருந்தார்கள்.

நாலு மாதம் கூட ஆகவில்லை. மறுபடி போட்டியில் நின்றாள். 1954 ஜூலையில் அமெரிக்கப் பெண்கள் ஓபன் போட்டி. வயிற்றில் கட்டிய பையோடு ஆடினாள். அடுத்து வந்தவளைவிட 12 அடிகள் குறைவாக ஆடி வென்றாள்! அந்த நாளில் புற்றுநோய் என்ற சொல்லையே வெளியே சொல்லப் பலர் கூசினார்கள். பேப் தன் நோயை மறைக்கவில்லை. நோயாளிகள் கடிதம் எழுதினார்கள். அவளும் புற்றுநோய் நிதிக்குப் பணம் திரட்டிக் கொடுத்தாள்.

1955-ல் நோய் திரும்பி வந்தது. இந்தத் தடவை விடவில்லை. 1956 செப்டம்பர் 27-ந் தேதி கால்வெஸ்டன் ஆஸ்பத்திரியில் பேப் இறந்தாள். வயது 45. அன்று பத்திரிகை நிருபர்களைச் சந்தித்த ஜனாதிபதி ஐசன்ஹோவர், வேறு எதையும் பேசுவதற்கு முன் அவளுக்கு அஞ்சலி செலுத்தினார்.

வேலி தாண்டிய போமான்ட் ஊரிலேயே அவளை அடக்கம் செய்தார்கள். 1976-ல் அங்கே ஒரு நினைவு மண்டபமும் எழுந்தது.